கணக்கில் ஏறாத பெட்டிகள்: வீடியோ விளையாட்டு விற்பனைக் கணிப்பும் யாழ்ப்பாணக் குடாநாடும்

வினா

வலிகாமத்துச் செம்மண்ணிலே வெங்காயம் நடுகின்ற கமக்காரன், நடுகின்ற அன்றே கிண்டுகின்ற நாளின் விலையையும் மனத்தினுள் நிர்ணயித்துக்கொள்ள வேண்டியவனாக இருக்கிறான். அயற்கிராமத்தவர் எத்தனை பரப்பு நட்டிருக்கின்றனர் என்பதையும், இந்திய வெங்காயம் கொழும்புத் துறைமுகத்தில் எப்போது வந்து இறங்கும் என்பதையும் அனுமானித்தே அவன் தன் முதலை மண்ணில் இடுகிறான். சோனி, நின்டென்டோ முதலிய மகா ஸ்தாபனங்கள், வரும் வருடத்தில் தங்கள் விளையாட்டுப் பெட்டிகள் எத்தனை இலட்சம் விலைப்படும் என்று முன்னுரைப்பதும் தன்மையில் இதுவே. கணித சாத்திரமும் பெருந்தொகையான தரவுகளும் அவற்றுக்குத் துணை நிற்கின்றன என்பது மட்டுமே வேற்றுமை.

போட்டி மிகுந்த சந்தையிலே வீடியோ விளையாட்டுப் பெட்டிகளின் விற்பனையைக் கணிப்பதற்கு உலகம் கைக்கொள்ளும் முறைகள், யாழ்ப்பாணக் குடாநாடு போன்றதொரு பிரதேசத்தில் செல்லுபடியாகுமா, ஆகாவெனின் அவற்றின் வழு எவ்விடத்தது என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் வினா. இதனைச் சிறுவர் விளையாட்டைப் பற்றிய சில்லறை விஷயமென்று தள்ளிவிடுவோர் இருக்கலாம். ஒரு பிரதேசத்து மக்கள் எதனை வாங்குகின்றனர், எதனை வாங்க இயலாதிருக்கின்றனர், வாங்கியும் எந்த ஏட்டிலும் பதிவு பெறாதிருக்கின்றனர் என்பவற்றைக் காட்டும் பண்டமெதுவும் ஆராய்ச்சிக்குச் சிறியதன்று என்பது எமது அபிப்பிராயம்.

இதுவரை கூறப்பட்டவை

புதிய பண்டமொன்று சமூகத்திற் பரவும் விதத்தைச் சூத்திரமாக்கியவர்களுள் முதன்மையானவர் பிராங்க் பாஸ் என்னும் அமெரிக்க அறிஞர். 1969 இல் வெளியான தமது ஆய்விலே, நெடுங்காலப் பாவனைக்குரிய பொருட்களைக் கொள்வோரை அவர் இரு பகுதியினராக வகுத்தார்: தாமாகவே துணிந்து வாங்குவோர் ஒரு பகுதியினர், பிறர் வீட்டிற் கண்டு ஆசைப்பட்டு வாங்குவோர் மற்றொரு பகுதியினர். முன்னவர் தொடக்கிவைக்கப் பின்னவர் பெருகுவதனால், விற்பனை மெல்ல ஏறி, உச்சியை அடைந்து, வாங்கக்கூடியவர்கள் தீர்ந்துவரத் தாழ்கிறது. விளையாட்டுப் பெட்டிகளின் விற்பனை வரலாறும் பெரும்பாலும் இவ்வளைவையே ஒத்திருப்பதனால், முதலிரண்டு வருடங்களின் தொகையைக் கொண்டு முழு ஆயுளின் தொகையை மதிப்பிடும் வழக்கம் நிலைபெற்றது.

பாஸின் சூத்திரத்தோடு சேர்த்து எண்ணப்படுவது, பெட்டிக்கும் விளையாட்டுக்கும் உள்ள பரஸ்பர சம்பந்தம். பெட்டி அதிகம் விற்றால் அதற்கென விளையாட்டு இயற்றுவோர் பெருகுவர். விளையாட்டுப் பெருகினால் பெட்டியை நாடுவோர் பெருகுவர். ஆகையால் இத்துறையிற் கணிப்பே ஒரு காரணமாகவும் ஆகிவிடுகிறது. சேகா நிறுவனத்தின் டிரீம்காஸ்ட் 1998 இலேயே சந்தைக்கு வந்துவிட்டது. எனினும், 2000 மார்ச்சில் வெளிவந்த பிளேஸ்டேஷன் 2 வெற்றி பெறும் என்ற எதிர்பார்ப்பு வாங்குவோரையும் விளையாட்டு இயற்றுவோரையும் ஒருங்கே தயங்கச் செய்தது. 2001 ஜனவரியில், பெட்டி உற்பத்தியையே கைவிடுவதாகச் சேகா அறிவித்தது. பிளேஸ்டேஷன் 2 பிற்காலத்தில் 16 கோடிக்கு மேல் விற்று, இத்துறையின் உச்சத் தொகையை எட்டியது.

முறைகள் இவ்வாறு வளர்ந்திருந்தும், பிழைகள் சிறியனவல்ல. 1982 டிசெம்பரில், அவ்வருடத்திற்கு 50 சதவீத வளர்ச்சியை முன்னுரைத்திருந்த அட்டாரி நிறுவனம் அதனைச் சுமார் 15 சதவீதமாகக் குறைத்தபோது, அதன் உரிமையாளரான வார்னர் நிறுவனத்தின் பங்குகள் சரிந்தன. விற்காத கசெற்றுகள் 1983 இல் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோவிலே குப்பைமேட்டில் புதைக்கப்பட்டு, 2014 இல் தோண்டி எடுக்கப்பட்டன. 2014 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் 90 இலட்சம் வீ யூ பெட்டிகள் விற்கும் என்று நின்டென்டோ முன்னுரைத்தது. பின்னர் அதனை 28 இலட்சமாகக் குறைத்தது. விற்றவை 27 இலட்சத்துச் சொச்சம். அதே நிறுவனம், நான்கு வருடங்களின் பின் ஸ்விட்ச் பெட்டிக்கு ஒரு கோடி என்று எண்ணியபோது, விற்றவையோ ஒன்றரைக் கோடி. அனுபவமும் பொருளும் உடையதொரு நிறுவனம், அரைப் பத்தாண்டினுள் இரு திசையிலும் தவறியது.

யாழ்ப்பாணத்திலே வாக்கியம், திருக்கணிதம் என இருவகைப் பஞ்சாங்கங்கள் வழங்குவதை அறிந்தவர்களுக்கு இந்நிலை விளங்கும். முன்னோர் வகுத்த வாய்பாட்டினின்று வழுவாது கணிப்பது ஒன்று. வானத்தை நோக்கித் திருத்திக் கணிப்பது மற்றொன்று. காலாண்டுக்கு ஒருமுறை தொகையை மாற்றி அறிவிக்கும் நிறுவனங்கள் திருக்கணித வழியைச் சார்ந்தவை எனலாம். ஆனால் திருத்துவதற்கும் வானம் கண்ணுக்குத் தெரிதல் வேண்டும். நமது பிரதேசத்தைப் பொறுத்தவரை அதுவே தெரிவதில்லை.

எண்ணப்படுவது எது?

விற்பனை என்று செய்தித்தாள்கள் கூறும் தொகை ஒரே பொருளுடையதன்று. நிறுவனங்கள் பெரும்பாலும் வெளியிடுவது கடைகளுக்கு அனுப்பிய பெட்டிகளின் தொகையை. கடையிலிருந்து வீட்டுக்குச் சென்றவற்றின் தொகை வேறு. மைக்ரோசொப்ட் நிறுவனமோ, 2015 தொடக்கம் தன் பெட்டிகளின் தொகையை வெளியிடுவதையே நிறுத்திவிட்டது. எண்ணும் இடமும் வாங்கிய கடையேயன்றி விளையாடுகின்ற வீடன்று.

ரொறன்ரோவிலே பெரியப்பா வாங்கி, உடுப்புகளுக்கு நடுவே வைத்துச் சூட்கேசிற் கொண்டுவந்து, கோண்டாவிலிற் பெறாமகன் கையிற் கொடுத்த பெட்டி, கனடாவின் கணக்கிலே ஏறுகிறது. துபாயிற் கொள்வனவு செய்து கொழும்பு வழியாக வந்து சேர்ந்த பெட்டி, வளைகுடாவின் கணக்கிலே ஏறுகிறது. லண்டனில் ஒருவன் நான்கு வருடம் விளையாடியபின் தம்பிக்கு அனுப்பி, தம்பி உயர்தரப் பரீட்சையை முன்னிட்டு அயலவனுக்கு விற்ற பெட்டி, மூன்று வீடுகளுக்குப் பயன்பட்டும் ஒன்றாகவே, அதுவும் பிரித்தானியாவின் ஒன்றாகவே, எண்ணப்படுகிறது. பெட்டியோடு நிற்பதுமில்லை. சோனியின் பிளேஸ்டேஷன் இணையக் கடை சேவை வழங்கும் நாடுகளின் பட்டியலில் இந்தியா உண்டு, இலங்கை இல்லை. ஆகவே இங்குள்ள இளைஞன் வேறொரு நாட்டை முகவரியாகக் காட்டியே கணக்குத் திறக்க வேண்டியவனாகிறான். அவன் இணையத்தில் வாங்கும் விளையாட்டும் அந்நாட்டின் விற்பனையாகவே பதியப்படுகிறது.

சைவ சித்தாந்தத்தின் அளவையியலைப் பயின்றோர், புகை கண்டு நெருப்பை அனுமானித்தல் என்னும் உதாரணத்தை அறிவர். புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு. ஆனால் நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை உண்டென்பது பெறப்படாது. பழுக்கக் காய்ந்த இரும்புண்டையிலே நெருப்பு உண்டு, புகை இல்லை. விற்பனைப் பதிவு புகையைப் போன்றது, விளையாட்டோ நெருப்பு. பதிவைக் கண்டவிடத்து விளையாட்டு உண்டென்று துணிவது நியாயமே. பதிவு இல்லாமையால் விளையாட்டும் இல்லையென்று முடிப்பதுதான் தருக்க வழு. யாழ்ப்பாணம் அந்த இரும்புண்டை.

குடாநாட்டின் காலவரிசை

பாஸின் வளைவு, சந்தையானது தடையின்றித் திறந்திருக்கும் என்பதை வெளிப்படையாகக் கூறாமலே தன் அத்திவாரமாகக் கொண்டுள்ளது. விளையாட்டுப் பெட்டிகளின் தலைமுறைகள் பிறந்த நாட்களை நமது சரித்திரத்தின் நாட்களோடு பக்கத்திற் பக்கமாக வைத்து நோக்குவோமாயின், அவ்வத்திவாரம் இங்கே இருந்ததா என்பது புலனாகும்.

நின்டென்டோவின் பமிக்கொம் என்னும் பெட்டி ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1983 ஜூலை 15 ஆம் நாள். அடுத்த வாரமே, தென்னிலங்கையில் தமிழர் மீது இனக்கலவரம் கட்டவிழ்த்துவிடப்பட்டு, உயிர்தப்பியோர் கப்பல்களில் ஏறிக் காங்கேசன்துறையை வந்தடைந்தனர். சூப்பர் பமிக்கொம் வெளிவந்தது 1990 நவம்பரில். அவ்வருடம் ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டு, குடாநாடு தேசிய மின்சாரத்தை இழந்து, பொருளாதாரத் தடையின் கீழ் இருந்தது. முதலாவது பிளேஸ்டேஷன் ஐரோப்பியக் கடைகளுக்கு வந்தது 1995 செப்டெம்பர் 29 இல். ஒரு மாதங் கழித்து, அக்டோபர் 30 இல், வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் கைதடிப் பாலத்தை நோக்கி நடந்தது. பிளேஸ்டேஷன் 2 ஜப்பானில் வெளிவந்த 2000 மார்ச்சுக்கு அடுத்த மாதத்தில் ஆனையிறவு இராணுவ முகாம் வீழ்ந்தது. குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி 2006 ஆகஸ்ட் 11 இல் மூடப்பட்டது. சரியாக மூன்று மாதங்களின்பின், நவம்பர் 11 இல், பிளேஸ்டேஷன் 3 வெளிவந்தது.

இவற்றுக்கிடையே காரணகாரிய சம்பந்தம் யாதுமில்லை. ஆயினும், ஒரு தலைமுறைப் பெட்டி பிறந்து உச்சியை அடையும் அந்த நாலைந்து வருடங்கள், இங்கே ஒவ்வொரு முறையும் யுத்தத்திற்கோ முற்றுகைக்கோ இடம்பெயர்வுக்கோ உரியனவாக இருந்தன என்பது எளிதிற் கடந்துபோகத் தக்க செய்தியன்று. ரொறன்ரோவிலும் பாரிஸிலும் வளர்ந்த நமது பிள்ளைகள் நின்டென்டோவின் மாரியோவோடு வளர்ந்தபோது, அவர்களின் ஒத்த வயதினர் இங்கே சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியிற் செய்தி கேட்டுக்கொண்டிருந்தனர்.

அக்காலத்தில் இலத்திரனியல் இன்பங்கள் முற்றாக அற்றுப்போயின என்றும் கூறுவதற்கில்லை. வீடியோ டெக்கும் தொலைக்காட்சிப் பெட்டியும் ஜெனரேற்றரும் சேர்த்து வாடகைக்கு எடுத்து, விலையேறிய மண்ணெண்ணெயைத் தேடிப் பெற்று, ஊரே கூடியிருந்து விடிய விடியப் படம் பார்த்த அனுபவம் அத்தலைமுறைக்குப் பொதுவானது. ஒரு கருவி, ஓர் இரவு, ஐம்பது பேர். விற்பனையை மட்டும் எண்ணும் சூத்திரத்தில் இதற்கு இடம் எங்கே? வாடகையும் கூட்டுப் பாவனையும் தேவையின்மையின் அடையாளங்களல்ல. தேவை தணியாதிருந்ததன் அத்தாட்சிகள்.

2002 பெப்ரவரியிற் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏ-9 வீதி திறக்கப்பட்டபோது, ஓமந்தையிலும் முகமாலையிலும் சோதனைச்சாவடிகளைக் கடந்து பொருட்கள் வரலாயின. உலகத்திற்கு அது பிளேஸ்டேஷன் 2 இன் நடுவயதுக் காலம். அமெரிக்காவில் 299 டொலருக்குத் தொடங்கிய அதன் விலை 2002 இல் 199, 2004 இல் 149 எனக் குறைந்துகொண்டிருந்தது. பிந்தித் திறந்த சந்தை, புதிய பெட்டியை நோக்கி ஓடுவதில்லை. விலை இறங்கிய பழைய பெட்டியையும், தென்னாசியா எங்கும் மலிந்திருந்த பிரதி இறுவட்டுகளையுமே அது நாடும். ஆகவே இவ்விடத்துப் போட்டி, சோனிக்கும் மைக்ரோசொப்டுக்கும் இடையிலானதாக இருக்கவில்லை. சோனியின் புதிய பெட்டிக்கும் அதே சோனியின் பழைய பெட்டிக்கும் இடையிலானதாகவே இருந்தது. பிளேஸ்டேஷன் 2 இன் உற்பத்தி 2013 தொடக்கம்வரை நீடித்தமைக்கு, உலகெங்குமுள்ள இத்தகைய பிந்திய சந்தைகளும் ஒரு காரணமென்று கொள்ளுதல் பொருந்தும்.

யுத்தத்தின் துப்பாக்கியோசை இன்றிக் குடாநாட்டின் வாசலுக்கு வந்த முதற்றலைமுறை, 2013 நவம்பரில் வெளியான பிளேஸ்டேஷன் 4 இனது. அடுத்த வருடம் அக்டோபரில் யாழ்தேவி புகைவண்டி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. கணிப்பு முறைகளை நியாயமாகப் பரீட்சிப்பதற்கு நமக்குக் கிடைத்த சாதாரண காலம் அந்தச் சில வருடங்கள் மாத்திரமே. அப்போதும் எண்ணுவார் எவரும் இருக்கவில்லை.

மின்சாரம், நாணயம், உறவு

அண்மைக்கால அனுபவம் இன்னொரு பாடத்தைத் தருகிறது. 2020 இன் கொள்ளைநோய்க் காலத்தில் தொடங்கிய இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகிக்கொண்டே வந்து, 2021 செப்டெம்பரில் 623 வகைப் பொருட்களை இறக்குமதி செய்வதற்கு முழுப் பெறுமதியையும் முற்பணமாகக் கட்ட வேண்டுமென்ற நிபந்தனையாக முற்றின. 2022 மார்ச்சில் ரூபாயின் பெறுமதி சந்தையின் போக்கிற்கு விடப்பட்டது. மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்வெட்டு அமுலாயிற்று. ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்த இயலாதென அரசு அறிவித்தது.

அப்போது 499 டொலர் விலையாயிருந்த பிளேஸ்டேஷன் 5 ஐ எடுத்துக்கொள்வோம். டொலர் சுமார் 203 ரூபாயாக இருந்தபோது, தீர்வையும் இலாபமும் சேராமலே, அதன் பெறுமதி ஏறத்தாழ 1,01,000 ரூபாய். இரண்டு மாதங்களின்பின், டொலர் 360 ரூபாயை அண்மியபோது, அதே பெட்டி 1,79,000 ரூபாயைத் தாண்டியது. ஜப்பானில் எவரும் விலையை உயர்த்தவில்லை. போட்டியாளர் எவரும் எதனையும் செய்யவில்லை. விளையாட்டுகளின் தரமும் மாறவில்லை. உலகச் சூத்திரங்கள் எண்ணுகின்ற மாறிகள் யாவும் அசையாது நிற்க, அவை எண்ணாத ஒன்று மட்டும் சந்தையைப் புரட்டிப் போட்டது.

இதனினும் நுண்ணியதொரு விஷயம் உண்டு. நமது பார்வையில் இவ்வாராய்ச்சியின் மையம் அதுவே. ரூபாய் வீழ்ந்தால் பெட்டியின் விற்பனையும் வீழும் என்பது பொருளாதாரத்தின் சாதாரண அனுமானம். ரூபாயிற் சம்பளம் பெறும் ஆசிரியரின் வீட்டைப் பொறுத்து அது முற்றிலும் மெய். ஆனால் லண்டனில் உள்ள மாமாவுக்கு 2022 மார்ச்சுக்கு முன்னும் அடுத்த இரு மாதங்களிலும் பெட்டியின் விலை ஒன்றுதான். அவர் அனுப்பும் நூறு பவுணோ இங்கே முன்னைவிட ஒன்றரை மடங்குக்கும் மேற்பட்ட ரூபாயாக மாறுகிறது. ஒரே நிகழ்ச்சி ஒரு வீட்டில் வாங்கும் சக்தியை அழிக்க, மதிலுக்கு அப்பாலுள்ள வீட்டில் அதனை வளர்க்கிறது. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்துக் கணிப்பவர், இரு வீட்டுக்கும் பொருந்தாத விடையையே பெறுவார். வெளிநாட்டில் ஆளுள்ள வீடு, ஆளில்லாத வீடு என்னும் பிரிவினை, வயதையும் வருமானத்தையும் காட்டிலும் இங்கே வலியது. ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் இருக்கும் இரு பிள்ளைகளுக்கிடையில் இப்பிரிவினை உண்டாக்கும் ஏக்கத்தை, விற்பனைக் கணக்கினுள் அடங்காததென்று நாம் புறக்கணித்துவிடலாகாது.

பருவமும் வேறுபடுகிறது. மேலைநாடுகளில் விற்பனையின் பெரும்பங்கு நத்தாரை ஒட்டிய மூன்று மாதங்களில் நிகழ்கிறது; நிறுவனங்களின் உற்பத்தித் திட்டமும் அதனையே சுற்றி அமைகிறது. குடாநாட்டுக்கோ புலம்பெயர்ந்தோர் பெருந்தொகையாக வருவது ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், ஐரோப்பியப் பாடசாலை விடுமுறையும் நல்லூர்க் கந்தனின் இருபத்தைந்து நாள் மகோற்சவமும் கூடுகின்ற வேளையில். பெட்டிகளும் சூட்கேசுகளுள் அப்போதே வந்து சேர்கின்றன என்று கொள்வதே பொருத்தம். வரவைக் கணிக்க விரும்புவோர் நத்தாரை அன்றி, நல்லூர்க் கொடியேற்றத்தையே நோக்குதல் வேண்டும்.

ஓர் ஆட்சேபம்

ஸ்மார்ட் போன் வீட்டுக்கு வீடு வந்துவிட்ட இக்காலத்தில், பெட்டியைப் பற்றி இத்துணை ஆராய்வது வீண் என்று சிலர் ஆட்சேபிக்கலாம். கொள்ளைநோய்க் காலத்தில் இணையவழிப் படிப்புக்கென்று வாங்கிய போனிலேயே, பணங்கொடாமல் இறக்கக்கூடிய பப்ஜியும் ப்ரீ பயரும் வந்துவிட்டன என்பது மெய். ஆயின் இவ்வாட்சேபம் எமது கருத்துக்கு அரணாகவே அமைகிறது. போட்டியாளர் யார் என்பதைச் சோனியின் அறிக்கையில் தேடாது, குடாநாட்டு வீட்டின் விறாந்தையில் தேட வேண்டும் என்பதைத்தான் அதுவும் கூறுகிறது. மக்கட்டொகை சிறிதென்பது வேறோர் ஆட்சேபம். 1981 இல் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டிருந்த மாவட்டத்து ஜனத்தொகை, 2012 கணக்கெடுப்பில் ஆறு இலட்சத்துக்கும் குறைவாயிற்று. குறைந்துபோனோரில் உயிரிழந்தோர் போக எஞ்சியோரிற் பலரே இன்று பெட்டியை வாங்கி அனுப்புகிறவர்கள். சந்தை சுருங்கிற்று என்பதைக் காட்டிலும், வாங்குவோன் ஓரிடத்தும் விளையாடுவோன் வேறிடத்துமாகப் பிரிந்தது என்பதே பொருத்தமான விளக்கம்.

செய்யத்தக்கது

நமது இளைஞர் கணினித்துறையில் முயன்று வருகின்றனர், யாழ் ஐ.டி. ஹப் போன்ற அமைப்புகள் அவர்களுக்குக் களம் அமைக்கின்றன. தமிழில் ஒரு விளையாட்டை இயற்ற எண்ணும் ஒருவன், தன் ஊரில் எத்தனை பெட்டிகள் உள்ளன, எத்தலைமுறையைச் சேர்ந்தவை என்று கேட்டால், விடை கூறத்தக்க ஆவணம் ஒன்றுமில்லை. இக்குறையை டோக்கியோவில் இருப்போர் நிவர்த்திக்கப் போவதில்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து முகாமைத்துவ, பொருளியல் மாணவர்கள் தங்கள் ஆய்வுகளுக்கென வீடுகளுக்குச் செல்லும்போது மூன்று வினாக்களைச் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்: வீட்டில் விளையாட்டுப் பெட்டி உண்டா, அது எந்த நாட்டிலிருந்து வந்தது, இதற்குமுன் எத்தனை கை மாறியது. கடைக்காரர்களிடமும் திருத்துநர்களிடமும், டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு விட்டவர்களிடமும் எமது வேண்டுகோள் இது: உங்கள் பழைய பற்றுச்சீட்டுப் புத்தகங்களையும் வாடகைக் கொப்பிகளையும் பழைய கடதாசிக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். 2005 முதல் நமது ஆவணங்களை எண்ணிம வடிவிற் பாதுகாத்துவரும் நூலகம் நிறுவனத்தாரிடம், வாடிக்கையாளரின் பெயர்களை மறைத்து, அவற்றைப் பிரதி எடுக்கவேனும் கொடுங்கள்.